பெய்ஜிங் சொர்க்கக் கோயில் பூங்காவில் ஒரு காலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெய்ஜிங் போகிறவர்கள் சொர்க்கக் கோயிலுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குவார்கள். நீலக் கூரை போட்ட வட்ட மண்டபத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அதே மதிலுக்குள் தினமும் காலையில் ஊர்ப் பெரியவர்கள் ஆடுவதும் பாடுவதும் காய் நகர்த்துவதும் பலர் கண்ணில் படுவதே இல்லை. அந்தக் காலைப் பொழுதைப் பற்றித்தான் இந்தப் பக்கம்.

பெய்ஜிங்கில் இவ்வளவு பூங்காக்கள் இருக்க, ஏன் இது?

இடம் பெரிது, மரம் அதிகம், அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து நடந்தே வந்துவிடலாம். 273 ஹெக்டேர் பரப்பில் 3,500-க்கும் மேற்பட்ட பழைய மரங்கள் நிற்கின்றன, பெரும்பாலும் சைப்ரஸ் வகை. மிங் வம்சத்துப் பேரரசர் யோங்லே காலத்தில், 1420-இல், அரண்மனையோடு சேர்த்துக் கட்டிய இடம் இது. பேரரசர் நல்ல விளைச்சல் வேண்டி வானத்துக்குப் பலியிட வருவார். சாதாரண ஜனங்களுக்கு உள்ளே இடமில்லை. 1918-இல்தான் பொதுப் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். 1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

ஜிங்ஷான் பூங்காவில் கூட்டுப் பாட்டு நன்றாக இருக்கும், பெய்ஹாயில் ஏரி அழகு. ஆனால் எல்லாம் ஒரே இடத்தில், ஒருவர் இன்னொருவர் சத்தத்தில் மூழ்கிவிடாத தூரத்தில் நடப்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் அந்த ஊரில் இல்லை என்பது என் கருத்து.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்? எந்த வாசல்?

கிழக்கு வாசல். மெட்ரோவில் 5-ஆம் தடம், தியான்தான் தோங்மென் நிலையம், ஏறி வெளியே வந்தால் வாசல்தான். கோடையில் காலை 6 மணிக்கும் குளிர்காலத்தில் 6.30-க்கும் கதவு திறக்கும். தாய்ச்சி என்னும் மெதுவான சீன உடற்பயிற்சியைப் பார்க்க வேண்டுமென்றால் ஏழு மணிக்குள் உள்ளே இருங்கள். சீட்டாட்டம், பாட்டு, சதுரங்கம் எல்லாம் எட்டரைக்கு மேல் சூடு பிடிக்கும். பதினொன்றரை ஆனால் சமையலுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். மதியம் போய்விட்டு "ஒன்றுமே இல்லையே" என்று சொல்லிப் பயனில்லை.

டிக்கெட் எவ்வளவு?

பூங்காவுக்கு மட்டும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 15 யுவான், மற்ற மாதங்களில் 10 யுவான். மண்டபங்களையும் சேர்த்தால் 34, 28. கட்டணம் மாறக்கூடியதுதான், போகும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள், டிக்கெட் பெயரில்தான் கொடுக்கிறார்கள். திங்கட்கிழமைகளில் மண்டபங்கள் மூடியிருக்கும். பூங்கா வழக்கம்போல் இயங்கும், அன்று சுற்றுலாக் கூட்டமும் குறைவு. இந்தப் பக்கத்தில் சொல்வதை மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் திங்கள் நல்ல நாள்.

வேலை நாளில் இவ்வளவு பேர் எப்படி வருகிறார்கள்? யாரும் வேலைக்குப் போக மாட்டார்களா?

வேலை பார்த்து முடித்தவர்கள் இவர்கள். சீனாவில் பல பத்தாண்டுகளாக ஓய்வு வயது ஆண்களுக்கு 60, அலுவலகப் பெண்களுக்கு 55, தொழிற்சாலைப் பெண்களுக்கு 50 என்று இருந்தது. ஐம்பது வயதில் ஓய்வூதியத்தோடு வீட்டுக்கு வந்த அம்மா, உடம்பில் தெம்பு இருக்கிறது, ஒரே பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டது, இரண்டு அறை வீட்டில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பார்? 2025 ஜனவரியிலிருந்து இந்த வயதைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள். பதினைந்து ஆண்டுகளில் ஆண்களுக்கு 63, பெண்களுக்கு 58, 55 என்று ஆகும். பூங்காக் கூட்டத்தின் சராசரி வயது அதற்கேற்பக் கூடும்.

இன்னொன்றும் உண்டு. பலர் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்து, அந்தத் தொழிற்சாலை கொடுத்த குடியிருப்பில் ஒன்றாக வாழ்ந்தவர்கள். குடியிருப்பை இடித்துவிட்டு ஆளுக்கொரு மூலைக்கு அனுப்பிய பிறகும் பேருந்து பிடித்துப் பழைய பூங்காவுக்கே வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆட்டம் ஒரு சாக்கு, ஆட்களைப் பார்ப்பதுதான் விஷயம்.

உள்ளே நுழைந்ததும் எங்கே போவது?

நேராக நடந்தால் நீண்ட நடைக்கூடம் வரும். தூண்களுக்கு இடையே எழுபத்திரண்டு அங்கணம், மேலே வண்ணம் தீட்டிய உத்திரங்கள், இரண்டு பக்கமும் உட்காரத் தோதான தாழ்ந்த திட்டு. பலிக்கான இறைச்சியையும் படையலையும் சமையற்கட்டிலிருந்து மண்டபத்துக்கு மழை படாமல் கொண்டுபோகக் கட்டிய வழி அது. இப்போது திட்டு முழுக்கச் சீட்டுக்கட்டு. நால்வர் ஆடினால் எட்டுப் பேர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள். கையில் பின்னல் ஊசியோடு ஒரு வரிசை, தெர்மாஸ் குடுவையோடு ஒரு வரிசை. சீட்டை மெதுவாக வைக்கும் வழக்கமே கிடையாது, ஓங்கி அறைவார்கள்.

வடகிழக்குப் பக்கம் உடற்பயிற்சிக் கம்பிகள் இருக்கும் திடலையும் பார்த்துவிடுங்கள். எழுபதைத் தாண்டிய தாத்தா கம்பியில் தொங்கி முழுச் சுற்று சுற்றுவார். பக்கத்தில் நிற்கும் இருபத்தைந்து வயதுக்காரன் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருப்பான்.

தாய்ச்சிக் குழுவில் நானும் சேர்ந்துகொள்ளலாமா? காசு கேட்பார்களா?

கடைசி வரிசையில் நின்று செய்தால் யாரும் தடுக்க மாட்டார்கள், பெரும்பாலான குழுக்களில் காசும் இல்லை. முன்வரிசைக்குப் போகாதீர்கள், முன்னால் இருப்பவரைப் பார்த்துத்தான் பின்னால் இருப்பவர் செய்கிறார். சட்டையில் ஒரே சின்னம், ஒருவர் நின்று திருத்துகிறார் என்றால் அது கட்டண வகுப்பு. அங்கே கேட்டுவிட்டுச் சேருங்கள்.

நீங்கள் பார்க்கப்போவது அநேகமாக 24 அசைவு வரிசை. அரசின் விளையாட்டு ஆணையம் 1956-இல் யாங் என்னும் தாய்ச்சி மரபிலிருந்து சுருக்கித் தொகுத்தது, எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும். குதிரையின் பிடரியைப் பிரிப்பது, வெள்ளைக் கொக்கு சிறகு விரிப்பது, மேகம்போல் கைகளை அசைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பார்க்க எளிது. முழங்காலை மடக்கி, எடையை ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு அவசரமே இல்லாமல் மாற்றிப் பாருங்கள், மூன்றாவது அசைவில் தொடை நடுங்கும்.

தாய்ச்சியைக் கற்றுக்கொடுத்தது காஞ்சியிலிருந்து போன போதிதர்மர்தானே?

தமிழர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி. இல்லை. தாய்ச்சியின் ஆவணப்பட்ட வரலாறு ஹெனான் மாகாணம் வென் வட்டத்தில் உள்ள சென் குடும்பத்தின் கிராமத்தில், 17-ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. அங்கே கற்றுக்கொண்ட யாங் லூச்சான் 19-ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங்குக்கு வந்து சொல்லிக்கொடுத்தார், அதிலிருந்து யாங் மரபு. சீனர்களின் கதைப்படி இதற்கு மூலவர் சாங் சான்ஃபெங் என்னும் தாவோயியத் துறவி. போதிதர்மர் அந்தக் கதையிலும் வருவதில்லை.

போதிதர்மரோடு சேர்த்துப் பேசப்படுவது ஷாவோலின் மடத்துச் சண்டைக் கலை. அந்த இணைப்பும் 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஓர் உடற்பயிற்சி நூலில் இருந்து வருகிறது, அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் ஊரைப் பற்றியும் பழைய சீனக் குறிப்புகள் ஒத்துப்போவதில்லை. ஒன்று பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்திய அரசகுமாரர் என்கிறது. சான் (ஜென்) என்னும் தியானப் பௌத்த மரபின் முதல் ஆசானாகச் சீனர்கள் அவரைக் கொண்டாடுகிறார்கள் என்பது மட்டும் உறுதி. பெருமைப்பட அது போதாதா?

தரையில் தண்ணீரால் எழுதுகிறார்களே, அது என்ன?

இந்தப் பூங்காவில் நான் அதிக நேரம் நிற்கும் இடம் அதுதான். இடுப்பளவு உயரக் கோல், அதன் நுனியில் கூம்பாகச் செதுக்கிய பஞ்சு. சிலர் கோலிலேயே தண்ணீர் பாட்டிலைக் கட்டிக் குழாய் விட்டிருப்பார்கள். பாவுகல் ஒவ்வொன்றும் சதுரமாக இருப்பதால் ஒரு கல்லுக்கு ஓர் எழுத்து என்று அளவு தானாக வந்துவிடும். எழுதுகிறவர் பின்னோக்கி நடந்தபடியே எழுதுவார். பஞ்சை அழுத்தினால் கோடு தடிக்கும், தூக்கினால் மயிரிழையாக மெலியும். கோட்டின் முடிவில் மணிக்கட்டை ஒரு திருகு திருகி நுனியைக் கூராக்குவார். ஜூலை வெயிலில் நான்காவது வரி எழுதும்போது முதல் வரி காய்ந்து போயிருக்கும். ஜனவரியில் எழுத்து அப்படியே பனிக்கட்டியாக உறைந்து நிற்பதும் உண்டு, வழுக்கும், ஒதுங்கி நடங்கள்.

எழுதுவது அநேகமாகத் தாங் வம்சக் காலத்துக் கவிதைகள், லீ பாய், து ஃபூ போன்ற கவிஞர்கள் எழுதியவை. மாவோவின் கவிதைகளை எழுதுபவர்களும் உண்டு. ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் நிற்கும் இன்னொருவர் "அந்தக் கோடு சரியில்லை" என்பார். உடனே கோல் கை மாறும். அவர் அதே எழுத்தைப் பக்கத்துக் கல்லில் எழுதிக் காட்டுவார்.

தொன்றுதொட்டு வருவதுபோல் தோன்றினாலும் இப்படித் தரையில் நீரால் எழுதும் பழக்கம் பெய்ஜிங் பூங்காக்களில் 1990-களில்தான் பரவியது. மையும் தாளும் செலவு, தண்ணீர் இலவசம். நீங்கள் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் கோலை உங்களிடம் நீட்டுவார்கள். தெரியாத சீன எழுத்தைக் கிறுக்குவதற்குப் பதில் உங்கள் பெயரைத் தமிழில் எழுதுங்கள். "ழ" வரைந்து காட்டினால் கூட்டம் கூடிவிடும், அதன் சுழியை எங்கே தொடங்குவது என்று கேட்டு அவர்களும் எழுதிப் பார்ப்பார்கள்.

சதுரங்கம் ஆடுபவர்களைச் சுற்றி ஏன் இவ்வளவு சண்டை?

சண்டை இல்லை, ஆலோசனை. பார்த்துக்கொண்டு வாய் திறக்காதவனே கனவான் என்று அவர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது. சில பலகைகளின் நடுவே அதை அச்சிட்டே வைத்திருப்பார்கள். கடைப்பிடிக்கிற ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. குதிரையை நகர்த்து என்று ஒருவர், நகர்த்தாதே என்று இன்னொருவர். பொறுக்க முடியாத மூன்றாமவர் கையை நீட்டித் தானே நகர்த்திவிடுவார்.

ஆட்டத்தின் பெயர் சியாங்ச்சி. நம் சதுரங்கம் தெரிந்தவர்களுக்குப் பாதி புரியும், ஏனென்றால் இரண்டும் உறவுக்காரர்கள் என்றுதான் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தேர், குதிரை, யானை, காலாள் எல்லாம் உண்டு. ராணி கிடையாது. காய்களைக் கட்டத்துக்குள் வைப்பதில்லை, கோடுகள் சந்திக்கும் புள்ளியில் வைக்கிறார்கள். நெடுக்கே 9 கோடு, குறுக்கே 10 கோடு, மொத்தம் 90 புள்ளிகள். நடுவில் ஓர் ஆறு ஓடுகிறது. யானை ஆற்றைத் தாண்டாது, அதனால் அதற்குக் காவல் வேலை மட்டும்தான். காலாள் தாண்டினால் பக்கவாட்டிலும் நகரும் உரிமை பெறுவான். தளபதியும் அவருடைய இரண்டு காவலர்களும் ஒன்பது புள்ளி அரண்மனையை விட்டு வெளியே வர முடியாது. இரண்டு தளபதிகளும் நடுவே யாரும் இல்லாமல் ஒரே கோட்டில் எதிரெதிரே நிற்கக் கூடாது. இந்த ஒரு விதியை வைத்தே பல ஆட்டங்கள் முடிகின்றன. நமக்கு அறிமுகமே இல்லாத காய் பீரங்கி. நடுவில் ஏதாவது ஒரு காய் இருந்தால்தான் அதைத் தாண்டிப் போய் வெட்டும். நம் பழக்கத்தில் ஆடினால் முதல் பத்து நகர்த்தலுக்குள் பீரங்கியிடம் தேரைப் பறிகொடுப்பது நிச்சயம்.

நகர்த்த வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் நம் ஆட்டத்தில் சமன். இங்கே மாட்டிக்கொண்டவர் தோற்றார்.

பாடுகிறவர்கள் ஏன் மூக்கால், அவ்வளவு உச்சத்தில் பாடுகிறார்கள்?

அது பீக்கிங் ஓபரா என்று நாம் கேள்விப்பட்டிருக்கும் இசை நாடகம். 1790-இல் சியென்லோங் பேரரசரின் 80-ஆவது பிறந்தநாளுக்கு அன்ஹுய் பகுதியிலிருந்து வந்த நாடகக் குழுக்கள் ஊர் திரும்பாமல் தங்கியதில் இருந்து வளர்ந்தது. 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பூங்காவில் வேஷமும் கிடையாது, முகச்சாயமும் கிடையாது. சாதாரண மேல்சட்டை போட்ட பெரியவர் ஒருவர் எழுந்து அரசனாகப் பாடிவிட்டு உட்காருவார். நம் கச்சேரியில் "பலே" விழும் இடத்தில் இங்கே "ஹாவ்!" விழும்.

அந்தக் கீச்சுக் குரலோடு ஒட்டி வரும் சின்ன வாத்தியம் ஜிங்ஹூ, மூங்கில் குடம். கொஞ்சம் தள்ளி மரத்தடியில் தனியாக ஒருவர் இழுக்கும் கனமான, அழுகைச் சாயல் உள்ளது எர்ஹூ. அதற்கும் இரண்டே தந்தி. வில் தந்திகளுக்கு நடுவே மாட்டியிருக்கும், வெளியே எடுக்க முடியாது. விரல் அழுத்தப் பலகை கிடையாது, விரல் காற்றிலேயே தந்தியை அழுத்த வேண்டும். குடத்தின் முகப்பு மலைப்பாம்புத் தோல். அதனால் ஆசைப்பட்டு ஒன்று வாங்கி வருவதற்கு முன் இரண்டு நாட்டுச் சுங்க விதிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறென்ன விளையாடலாம்?

காலால் தட்டும் இறகுக் காய், ஜியான்சு. நாலைந்து பேர் வட்டமாக நிற்பார்கள், கை படக் கூடாது. உள்ளங்காலின் பக்கவாட்டு, முழங்கால், நெஞ்சு, தலை எதுவும் சரி. உங்கள் பக்கம் ஒன்று பறந்து வந்தால் அதுவே அழைப்பு, திருப்பித் தட்டுங்கள். தவறவிட்டால் சிரிப்பார்கள், மறுபடி உங்களுக்கே அனுப்புவார்கள். சேலை, வேட்டி வேண்டாம்.

இரண்டு குச்சிக்கு நடுவே கயிற்றில் சுழலும் உருளை கோங்ஜு. வேகம் கூடக் கூட அதன் துளைகளில் காற்றுப் புகுந்து வண்டு ரீங்காரம் கேட்கும். 2006-இல் சீனாவின் முதல் தேசியக் கலைமரபுப் பட்டியலிலேயே இடம்பிடித்தது. இருபக்கமும் உருளை உள்ளதைக் கேட்டு வாங்கி முயலுங்கள், ஒருபக்கம் மட்டும் உள்ளது சாய்ந்துகொண்டே இருக்கும். சாட்டையால் அடித்துச் சுழற்றும் பெரிய இரும்புப் பம்பரம் இருக்கும் பக்கம் பத்தடி தள்ளியே நில்லுங்கள்.

ஒலிபெருக்கி வைத்து ஆடுகிறார்களே, அதுவும் பாரம்பரியமா?

அது கடந்த முப்பது ஆண்டுக் கதை. சதுக்க நடனம் என்று பெயர், அம்மாக்களின் கோட்டை. அக்கம்பக்கத்தார் தூங்க முடியாமல் புகார் கொடுத்துக் கொடுத்து, 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஒலி மாசுச் சட்டத்தில் பொது இடத்து ஆட்டபாட்டத்துக்கும் ஒரு பிரிவு சேர்த்தார்கள். பூங்காவில் பார்ப்பதெல்லாம் பழமை என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். ரப்பர் சவ்வு மட்டையில் பந்தை விழாமல் சுழற்றும் "தாய்ச்சிப் பந்து"கூட 1990-களில் வந்ததுதான்.

படம் எடுக்கலாமா?

கைப்பேசியைக் காட்டிப் புருவத்தைத் தூக்கினால் போதும், தலையாட்டுவார்கள் அல்லது கையசைத்து மறுப்பார்கள். சீட்டாடுபவர்களை நெருங்கி எடுக்க வேண்டாம். வயதான பெற்றோர் பிள்ளைகளின் வயது, உயரம், படிப்பு, சம்பளம் எழுதிய தாள்களை வைத்துக்கொண்டு வரன் தேடும் கூட்டத்தை எங்கே பார்த்தாலும் கேமராவை உள்ளே வையுங்கள். ஷாங்காய் மக்கள் பூங்காவில் வார இறுதிகளில் இது குடை விரித்து நடக்கிறது, அங்கே படம் எடுத்தால் திட்டு உறுதி.

சீன மொழி தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும். "நி ஹாவ்" சொல்லிவிட்டு நின்றால் மற்றது கையும் முகமும் பார்த்துக்கொள்ளும். கூகுள் சேவைகள் அங்கே இயங்காது. அலிபே, வீசாட் என்னும் சீனச் செயலிகள் இரண்டையும் ஊரிலேயே நிறுவிக் கொள்ளுங்கள், மொழிபெயர்ப்பும் பணம் கட்டுவதும் அதிலேயே முடியும். எந்த நாடு, எத்தனை வயது, எத்தனை பிள்ளை, சம்பளம் எவ்வளவு என்பதுதான் கேள்வி வரிசை. நம் ஊர் ஆட்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது.

பெய்ஜிங் போகவில்லை, செங்டுதான் போகிறேன். அங்கே?

மக்கள் பூங்காவுக்குப் போங்கள். அங்கே உடம்பை அசைப்பதைவிட உட்காருவதுதான் கலை. 1923-இல் தொடங்கிய ஹெமிங் தேநீர்க் கடையில் மூங்கில் நாற்காலி, மூடியும் தட்டும் வைத்த கைவான் கிண்ணம். ஒருமுறை காசு கொடுத்தால் வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், பொழுது சாயும்வரை இருக்கலாம். மூடியால் இலையை ஒதுக்கி அந்த இடுக்கில் உறிஞ்ச வேண்டும், மூடியை எடுத்து வைத்துவிட்டுக் குடித்தால் வாயெல்லாம் இலை. நாற்காலிகளுக்கு நடுவே இரும்பு இடுக்கியை "ணங்" என்று அதிரவிட்டபடி வருபவர் காது சுத்தம் செய்பவர். மெல்லிய கரண்டி, வாத்து இறகு, கடைசியில் அதிரும் இடுக்கியைக் காதருகே வைப்பது என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார். சுகம் என்கிறார்கள். காதில் சீழ், செவிப்பறைக் கோளாறு இருப்பவர்கள் தேநீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரே ஒரு காலைதான். எப்படிப் பிரிப்பது?

6.45-க்குக் கிழக்கு வாசல். எட்டு மணிவரை சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே தாய்ச்சியும் ஜியான்சுவும். பிறகு நடைக்கூடம், பத்து மணிவரை எங்கும் நகராதீர்கள், யாராவது ஏதாவது நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், கடலையோ சீட்டோ. பத்துக்கு மேல் மண்டபம்: 38 மீட்டர் உயரம், ஆணி இல்லாத மரவேலை, 1889-இல் இடி விழுந்து எரிந்தபின் மீண்டும் கட்டியது. அங்கிருந்து தெற்கே நேர்க்கோட்டில் நடந்தால் எதிரொலிச் சுவர், வட்டப் பலிமேடை, தெற்கு வாசல். உள்ளே சைவச் சாப்பாட்டை நம்ப வேண்டாம், காலையில் அறையிலிருந்தே ஏதாவது கட்டிக்கொண்டு போங்கள்.